விதை பரப்பியது

எந்தத் திசையில் நடந்தாலும்
நானூறு அடிக்குள் கரும்பு வந்து முகத்தில் அறையும்.
அவ்வளவுதான் காடு.
பெர்னாம்புகோ வரைபடத்தில்
விரல்நகம் அழுந்திய தடம்போல் இருக்கும்.
ஆலைக்காரர்கள் இதை விட்டுவைத்தது
கருணையால் அல்ல, சரிவால்.
டிராக்டர் ஏறாது.

முழங்காலில் நின்று எண்ணுகிறோம்.
மீட்டருக்கு மீட்டர், நீலக் கயிறு கட்டிய சதுரம்.
அதற்குள் முளைத்த ஒவ்வொன்றுக்கும்
அலுமினியத் தகட்டில் ஓர் எண்.
லிண்டோவால் இலையைக் கசக்கி முகர்ந்து
பெயர் சொல்வார், நான் எழுதுவேன்.
தெரியாத இலை என்றால் முகர்வது நீளும்,
கடைசியில் "இது அதுக்கு மச்சான்" என்பார்.
அதையும் எழுதிக்கொள்வேன்.

ஓரத்தில் ஒரே கூட்டம்.
எம்பவூபா, எம்பவூபா, மறுபடி எம்பவூபா:
வௌவால் எச்சத்தில் வந்திறங்கி
வெயிலைக் குடித்துக் குடித்து
பத்து மாதத்தில் என்னைவிட உயரம்.
தட்டினால் வெற்றுக் குழாய்ச் சத்தம்,
கூடவே எறும்பு.

உள்ளே ஜடோபா.
மூன்று பேர் கைகோத்தாலும் சுற்றி வளைக்க முடியாத அடிமரம்.
படிவத்தில் அதற்குத் 'தாய்மரம்' என்று பெயர்.
கீழே காய்கள்
பழைய செருப்பின் நிறத்தில், கல்லாய், முழுசாய்.
உடைக்கப் பல் வேண்டும், அகூட்டியின் பல்.
கடைசி அகூட்டியை நாய்கள் துரத்திய வருஷம்
லிண்டோவாலுக்கு நினைவிருக்கிறது.
யாருடைய நாய்கள் என்று நான் கேட்கவில்லை.
காய்க்குள்ளேயே வண்டு பிறக்கிறது,
துளை போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறது.
பன்னிரண்டு சதுரம். பூஜ்யம்.
விளக்கெரிகிற வீடுதான்.
கொடியில் ஒரு சின்னச் சட்டைகூடக் காயவில்லை.

வியாழன் மதியம் மழை பிடித்துக்கொண்டது.
குறுக்குவழியாகத் திரும்பினோம்.
ஆலை ரயில் ஓடிய தடம்;
தண்டவாளத்தைப் பெயர்த்து விற்றுத் தின்றாயிற்று,
மேடு மட்டும் மிச்சம்.
முன்னால் போன லிண்டோவால் நின்றார்.
ஒட்டிப் பிறந்த இரட்டையர்போல்
இரண்டிரண்டு இலையாய்
முழங்கால் உயரத்தில், இடுப்பு உயரத்தில்,
ஒன்று மட்டும் இரண்டு ஆள் உயரம்.
அவர் கசக்கவில்லை, முகரவில்லை.
பதினேழு ஜடோபா.

"இங்கதான் மத்தியானம் உட்காருவோம்" என்றார்.
கரும்பு வெட்டுகிற காலம்.
மரவள்ளி மாவு தீர்ந்துபோன நாட்களில்
பொடியன்கள் காட்டுக்குள் ஓடிக் காய் பொறுக்கி வருவார்கள்.
வெட்டுக்கத்தியின் முதுகால் ஒரே போடு.
உள்ளே மஞ்சள் தூள்,
கால்விரல் இடுக்கின் நாற்றம்,
பல்லில் அப்பும், தொண்டையை அடைக்கும்,
வயிறு ஏமாந்துவிடும்.
கொட்டையைத் துப்பிவிட்டு எழுந்து போவோம்.
யார் யார் என்று கேட்டேன்.
விரல் மடக்கினார்:
அஸெனோர் சாவ் பாவ்லோவில்.
ஜூராசிக்கு முதுகு போயிற்று.
மூன்றாவது விரலை மடக்கினார், பெயர் சொல்லவில்லை.

படிவத்தில் ஒரு கட்டம், 'விதை பரப்பியது'.
வௌவால், பறவை, கொறிவிலங்கு, காற்று, தெரியவில்லை:
ஒன்றில் குறி இட வேண்டும்.
ஈரத் தாளின் மேல் பென்சில் கொஞ்ச நேரம் நின்றது.
ஓரத்தில் 'பசி' என்று எழுதினேன்.

லிண்டோவால் எட்டிப் பார்த்தார், எழுத்துக்கூட்டினார்.
"அந்த உசரமானதுக்கு நேரே
வேலைநிறுத்தம்னு போடு.
அது ஒன்பது வாரம் நடந்தது."

போட்டேன்.
பையில் பதினொரு தகடுதான் மிச்சம் இருந்தது.
குட்டையானவற்றிலிருந்து கட்டிக்கொண்டு வந்தோம்.
ஆறு நாற்று இன்னும் அங்கே
எண் இல்லாமல் நனைந்துகொண்டிருக்கிறது.